ஐபி (இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்) வேலைக்கு எந்தப் பல்கலைக்கழகம்? என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு, இல்லை லண்டனா?

ஜூரோங்வாசி

வணக்கம். மகனுக்கு ஏ நிலைத் தேர்வில் 70-க்கு 68.75. மூன்று எச்2 (முதன்மைநிலை) பாடத்திலும் ஏ, பொதுத்தாளில் பி. இப்போது தேசிய சேவையில் (கட்டாயப் படைச் சேவை) இருக்கிறான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ்-இல் பொருளியல் (4 ஆண்டு), நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்டியுவில் பிசினஸ் (3 ஆண்டு), சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமான எஸ்எம்யுவில் பிசினஸ் (4 ஆண்டு), மூன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தான் போவேன் என்கிறான். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் (எல்எஸ்இ) கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறான். என்டியுவில் ஓராண்டு முன்னதாக முடித்துச் சம்பாதிக்கத் தொடங்கலாமே என்பது என் எண்ணம். இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெயருக்காக மட்டும் லண்டனுக்குப் பணம் கட்ட மனம் வரவில்லை.

ஷென்டன்வே

அண்ணே, மூன்றாண்டுப் படிப்பு செலவுக்கு நல்லது. ஐபி-க்கு அதுதான் சிக்கல். பாடத்தில் குறை ஒன்றும் இல்லை, நாள்காட்டிதான் ஒத்துவராது.

பெரிய வங்கிகள் பட்டம் முடித்தவர்களை நேராக எடுப்பது குறைவு. கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடையில் சுமார் 10 வாரம் இன்டர்ன்ஷிப் கொடுத்து, அதில் தேறியவர்களுக்கே முழுநேர வேலைக் கடிதம் தருவார்கள். அந்தக் கோடைக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் வாக்கிலேயே திறந்துவிடும். வர வரப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிடுவதால், கடைசித் தேதிவரை காத்திருந்தவனுக்கு மிச்சம் மீதிதான்.

இப்போது கோடைகளை எண்ணிப் பாருங்கள். என்டியு பிசினஸில் அந்த முக்கியமான கோடை இரண்டாம் ஆண்டு முடிவில் வருகிறது. அப்படியானால் முதலாண்டு முடிந்த கையோடு விண்ணப்பம் போடவேண்டும். கையில் இரண்டு பருவத்து ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), பாதி முடிந்த ஒரு கோடை இன்டர்ன்ஷிப், அவ்வளவுதான் இருக்கும். கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பாடத்தில் அப்போதுதான் கால் வைத்திருப்பான். நான்காண்டுப் படிப்பில் அதே விண்ணப்பம் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் வரும்: நான்கு பருவத்து ஜிபிஏ, இரண்டு கோடை, நடுவில் பகுதிநேர வேலை ஏதாவது. இந்த இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடுகிறார்கள்.

என்டியுவில் இதைச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்ஓஏ என்று மாணவர்கள் சொல்லும் படிப்பு விடுப்பை ஒரு பருவமோ இரண்டு பருவமோ எடுத்து, சிறிய ஆலோசனை நிறுவனத்திலோ பிரைவேட் ஈக்விட்டி (தனியார் முதலீட்டு) நிறுவனத்திலோ மூன்று முதல் ஆறு மாதம் ஆஃப்-சைக்கிள், அதாவது கோடைக்கு வெளியே, இன்டர்ன்ஷிப் செய்வார்கள். எந்த ஆண்டுக் கும்பலோடு உங்களைச் சேர்ப்பது என்பதை வங்கி ரெஸ்யுமேயில் உள்ள பட்டம் பெறும் தேதியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. விடுப்பு எடுத்தால் அந்தத் தேதி தள்ளிப்போகும், கூடுதலாக ஒரு கோடை கிடைக்கும். ஆனால் முடிவை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே எடுக்கவேண்டும். ஒரு தேதியைப் போட்டு விண்ணப்பித்துவிட்டு அப்புறம் மாற்றினால் மனிதவளத் துறையோடு இழுபறிதான். ஆக, நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் ஓராண்டு எப்படியும் செலவாகும். அதைத் தெரிந்தே என்டியுவுக்குப் போனால் தப்பில்லை.

எஸ்எம்யுவுக்கு இன்னொரு வசதி, இடம். அது இருக்கும் பிராஸ் பாசாவிலிருந்து வங்கிகள் இருக்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் கூப்பிடு தூரம். செவ்வாய், வியாழனில் வகுப்பையெல்லாம் அடுக்கிவிட்டு மற்ற நாள்களில் பகுதிநேர இன்டர்ன்ஷிப் போக முடியும். பூன் லேயில் இறங்கிப் பேருந்து பிடிக்கும் என்டியு பிள்ளைக்கு ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். எஸ்எம்யுவில் வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. வாயாடிக்குக் கொண்டாட்டம், அமைதியான பிள்ளைக்கு முதலாண்டு கொஞ்சம் கசக்கும்.

என்யுஎஸ் பொருளியலையும் ஒதுக்காதீர்கள். வங்கிகள் எந்தப் பாடம் என்று பார்ப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. பொறியியல், சட்டம், கணினி படித்தவர்களும் போகிறார்கள். ஆனால் அங்கே முதல் இரண்டு ஆண்டில் பொதுப் பாடத்திட்டம் நிறைய இடம் பிடிக்கும். கணக்கியலையும் நிதியையும் தானாகத் தேடி எடுத்து, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முடித்திருக்கவேண்டும்.

கணக்குப்பிள்ளை

மேலே சொன்னது சரி. மகன் எந்த வேலையைச் சொல்கிறான் என்று முதலில் கேட்டுவிடுங்கள். நம் ஆட்களிடையே சாங்கி பிசினஸ் பார்க்கில் வங்கி அட்டை மாட்டியிருப்பவர் எல்லாரும் "இன்வெஸ்ட்மென்ட் பேங்க்"தான். அங்கே பெரும்பாலும் தொழில்நுட்பமும் பரிவர்த்தனைச் செயல்பாடும். நல்ல வேலைதான், ஆனால் பாதை வேறு. ஐபி என்பது நிறுவனங்களை வாங்க, விற்க, இணைக்க, பங்கும் பத்திரமும் வெளியிட ஆலோசனை சொல்லும் பிரிவு. சிங்கப்பூரில் அந்தக் குழுக்கள் சிறியவை, தென்கிழக்காசியாவைக் கவனிப்பவை. இந்திய நிறுவனங்களின் வேலை பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது, ஆகவே தமிழும் இந்தியும் தெரிந்தது இங்கே பெரிய பலம் இல்லை. பஹாசா இந்தோனேசியா தெரிந்தால் உதவும். ஹாங்காங்கில் குழுக்கள் பெரிது, ஆனால் சீன நிறுவனங்களோடு வேலை என்பதால் மாண்டரின் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அங்கே கதவு பாதிதான் திறக்கும்.

ஜிபிஏ விஷயம். என்யுஎஸ், என்டியுவில் 5-க்கு, 4.5-க்கு மேல் உயர்சிறப்பு ஆனர்ஸ். எஸ்எம்யுவில் 4-க்கு; அங்கே சிறப்பு நிலைகளின் பெயர் 3.6-க்கு மேக்னா கும் லாடே, 3.8-க்கு சுமா கும் லாடே. எந்த வங்கியும் கோடு போட்டு அறிவிப்பதில்லை. என் கணிப்பில் 4.5 அல்லது 3.6-க்குக் கீழே போனால் ரெஸ்யுமேயில் வேறு ஏதாவது கண்ணில் பட்டாகவேண்டும். முதலாண்டில் சறுக்கினால் பிறகு தூக்குவது கடினம். அந்த மதிப்பெண்தான் விண்ணப்பத்தில் பாதி எடை.

பல்கலைக்கழகம் முடிவானதும் சேரவேண்டியது முதலீட்டு மன்றம். என்யுஎஸ்-இல் இன்வெஸ்ட்மென்ட் சொசைட்டி, என்டியுவில் இன்வெஸ்ட்மென்ட் இன்டர்ஆக்டிவ் கிளப், எஸ்எம்யுவில் ஐ இன்வெஸ்ட்மென்ட் கிளப். முதல் இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் அங்கே இருக்கும் சீனியர் கைமாற்றிவிடுவதுதான். இவற்றுக்கே நேர்காணல் வைத்துத்தான் எடுப்பார்கள், அதுவும் முதல் பருவத்தின் ஆரம்ப வாரங்களில். "செட்டில் ஆனதும் பார்க்கலாம்" என்று இருந்தால் ஓராண்டு போச்சு.

நேர்காணலில் கேட்பது கல்லூரிப் பாடப் பரீட்சை மாதிரி இருக்காது. ஒரு உதாரணம்: "தேய்மானம் 10 வெள்ளி கூடினால் மூன்று நிதிநிலை அறிக்கையிலும் என்ன மாறும்?" இங்கே நிறுவன வரி 17 விழுக்காடு. வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 1.70 மிச்சம், நிகர லாபம் 8.30 குறையும். பணவோட்டத்தில் தேய்மானம் பணமாக வெளியே போகாததால் 10-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 1.70 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் இயந்திரம் 10 இறங்கி ரொக்கம் 1.70 ஏறியதால் மொத்தம் 8.30 இறக்கம், மறுபக்கம் தக்கவைத்த லாபமும் 8.30 இறக்கம். தட்டு சமம். இதை எழுதாமல், ஒரு நிமிடத்தில், தடுமாறாமல் வாயால் சொல்லவேண்டும். பலர் விழுவது எங்கே தெரியுமா? வரியை மறந்துவிட்டு ரொக்கம் மாறாது என்பார்கள், இல்லாவிட்டால் 10 ஏறும் என்பார்கள்.

அதற்கு முன் ஹயர்வியூ என்ற காணொளிச் சுற்று இருக்கும். எதிரே ஆள் இருக்கமாட்டார், திரையில் கேள்வி வரும், யோசிக்கப் பெரும்பாலும் அரை நிமிடம். நல்ல பிள்ளைகள் பலர் பழகாமல் உட்கார்ந்து இங்கேயே கழன்றுவிடுகிறார்கள்.

தேம்ஸ்கரை

லண்டனைப் பற்றி. எல்எஸ்இ-இல் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல். அறை, சாப்பாடு சேர்த்தால் மூன்றாண்டுக்கு 2 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாது. இங்கே மானியத்தோடு குடிமகன் கட்டுவது ஆண்டுக்கு 10,000 வெள்ளியை ஒட்டி. இந்த வித்தியாசம் லண்டனில் வேலை பார்க்கத்தான் நியாயமாகும். படித்துவிட்டுச் சிங்கப்பூருக்கே வந்து ஐபி செய்வதாக இருந்தால் வாங்கும் பலனுக்கு விலை அதிகம்.

லண்டனில் நாள்காட்டி இன்னும் நெருக்கும். பட்டம் மூன்றாண்டு, முதலாண்டிலேயே "ஸ்பிரிங் வீக்" என்று ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி சில நாள் அறிமுகம் வைக்கிறார்கள். அதில் நன்றாகச் செய்தவர்களைப் பல வங்கிகள் அடுத்த ஆண்டு கோடை இன்டர்ன்ஷிப்புக்கு முன்னுரிமை கொடுத்து எடுக்கும். அதற்கான விண்ணப்பம் இலையுதிர் காலத்தில் திறக்கும், அதாவது பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள். விமானம் ஏறும்போதே ஒரு பக்க ரெஸ்யுமே தயாராக இருக்கவேண்டும்.

விசா: பட்டத்துக்குப் பின் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. பெரிய வங்கிகள் ஸ்பான்சர் செய்யும், சிறியவை தயங்கும்.

அமெரிக்காவை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஹெச்-1பி1 என்று தனி வேலை விசா உண்டு, ஆண்டுக்கு 5,400 இடம். இந்திய நண்பர்கள் மாட்டிக்கொள்ளும் ஹெச்-1பி குலுக்கல் இதற்குக் கிடையாது. அங்கே படிக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளே பலருக்கு இது தெரியாது. வங்கியின் மனிதவளத் துறைக்கும் தெரியாமல் இருக்கலாம், நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும். செலவு மட்டும் லண்டனைவிட மோசம். முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டும்.

தேசிய சேவையில் இருப்பதால் ஒத்திவைப்பு விதியைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சேவை முடியும்வரை இடத்தை வைத்திருக்கும். வெளிநாட்டில் பல இடங்களில் ஓராண்டுதான். துறையிடம் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டவேண்டாம்.

பீஷான்_அம்மா

இடையில் புகுந்து கேட்கிறேன். என் மகள் நிரந்தரவாசி, பாலிடெக்னிக்கில் (பாலி) டிப்ளோமா முடிக்கப் போகிறாள். இதே ஆசைதான் அவளுக்கும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் தனியார் கல்வி நிலையத்தில் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் படிக்கலாமா? கல்வி அமைச்சு மானியம் வாங்கினால் ஒப்பந்தம் என்கிறார்களே?

ஷென்டன்வே

அக்கா, ஆமாம். நிரந்தரவாசி மானியம் வாங்கினால் படிப்பு முடிந்து 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம். இங்குள்ள வங்கியில் சேர்ந்தால் அதிலேயே கழிந்துவிடும், தனிச் சுமை இல்லை. ஹாங்காங் வேலை கிடைத்தால்தான் தலைவலி, ஒப்பந்தத்தை முறித்தால் பணம் கட்டவேண்டியிருக்கும்.

தனியார் பட்டத்திலிருந்து பெரிய வங்கியின் ஐபி பிரிவுக்கு நேராகப் போவது மிகக் கடினம், பூசி மெழுகிச் சொல்வதில் பயனில்லை. போகிறவர்கள் சுற்றிப் போகிறார்கள்: டிலாய்ட், கேபிஎம்ஜி, பிடபிள்யுசி, ஈஒய் ஆகிய பெரிய தணிக்கை நிறுவனங்களில் நிறுவன மதிப்பீடு அல்லது டிரான்சாக்ஷன் சர்வீசஸ் (நிறுவனம் வாங்கல் விற்றலுக்கான ஆலோசனை) பிரிவில் இரண்டு மூன்று ஆண்டு, அங்கிருந்து சிறிய ஆலோசனை நிறுவனம், பிறகு வங்கி. தணிக்கையில் சேர்ந்துவிட்டு மாறலாம் என்றால் இன்னும் ஒரு படி கூடும். பாலியில் ஜிபிஏ 4-க்கு 3.8-ஐ ஒட்டி இருந்தால் முதலில் உள்ளூர்ப் பல்கலைக்கழகக் கணக்கியலுக்கு முட்டிப் பார்க்கட்டும், பிசினஸை மட்டும் பிடித்துத் தொங்கவேண்டாம்.

ஜூரோங்வாசி

எல்லாருக்கும் நன்றி. எஸ்எம்யு பக்கம் மனம் சாய்கிறது. இரண்டு சந்தேகம். வெளிநாட்டு மாணவர் பரிமாற்றத்துக்கு எப்போது போவது? இப்போதே சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான தொழில்முறைத் தேர்வு) தொடங்கட்டுமா?

கணக்குப்பிள்ளை

சிஎஃப்ஏ இப்போது முடியாது. பட்டம் முடிய 23 மாதத்துக்குள் இருந்தால்தான் முதல் நிலை எழுத விடுவார்கள். ஐபி-க்கு அது அவசியமும் இல்லை, முதலீட்டு நிதி மேலாண்மைப் பக்கம் போகிறவருக்குத்தான் அதிக மதிப்பு. அந்த நேரத்தை எக்செலில் சுட்டி தொடாமல் வேலை செய்யப் பழகுவதில் போடட்டும்.

பரிமாற்றத்தில் தப்பு செய்கிறவர்கள் நிறைய. மூன்றாம் ஆண்டு முதல் பருவம் போனால் நேர்காணல் காலம், இரவு இரண்டு மணிக்குக் காணொளியில் பேசவேண்டிவரும். இரண்டாம் பருவம் ஐரோப்பா போனால் பல இடங்களில் தேர்வு ஜூலைவரை இழுக்கும், இன்டர்ன்ஷிப்போ ஜூன் முதலிலேயே தொடங்கும். இரண்டாம் ஆண்டின் இரண்டாம் பருவம், இல்லையென்றால் வேலைக் கடிதம் கைக்கு வந்தபின் நான்காம் ஆண்டில் போவது நிம்மதி.

அதைவிட முக்கியம், சேவை முடியும் நாளிலிருந்து ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்வரை எத்தனை மாதம் என்று பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வெளியே வந்தால் ஆறேழு மாதம் கையில் இருக்கும். அதுவும் ஒரு கோடைக்குச் சமம். சிறிய நிதி நிறுவனங்கள் அந்த வயதுப் பையன்களையும் எடுக்கும், சம்பளம் சொற்பம். விண்ணப்பத்தைச் சேவை முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் வார இறுதிகளில் அனுப்பத் தொடங்கட்டும்.