மறு: 'மாட்யூல்' – தமிழில் எப்படிச் சொல்வது? புகுகளம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து வேடமேற்று ஆடும் ஆட்டங்களுக்கென்று அச்சிட்டு வரும் 'மாட்யூல்' என்ற ஏட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். கூறு, அலகு, சாகசம், கதைநூல், வழிநூல், கள ஏடு, கூத்தேடு என்று ஏழு சொற்கள் வந்திருக்கின்றன. சில அகராதியைப் புரட்டிக் கிடைத்தவை, சில மேசையில் ஆடிக் கிடைத்தவை என்பது படிக்கும்போதே தெரிகிறது. இந்த ஏடுகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்தும் நடத்தியும் வருகிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: சொல்லைத் தேடுமுன் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவோம்.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் பூட்டுத் திறக்கத் தெரிந்த திருடர் என்று ஆளுக்கொரு வேடம். இன்னொருவர் உலகமாக இருக்கிறார். கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது, காவலாளி லஞ்சம் வாங்குவானா, கயிறு தாங்குமா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஐயம் வரும் இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டபோது, நிலவறைகளின் வரைபடங்களை ஆட்டம் நடத்துபவரே வரைந்துகொள்ள வேண்டும் என்றுதான் விதிநூல் சொன்னது. அதற்கெல்லாம் பொழுதில்லாதவர்களுக்கு ஒருவர் முன்கூட்டியே வரைந்து, எழுதி, அச்சிட்டுக் கொடுப்பதுதான் நாம் பெயர் தேடும் பொருள்.

ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் நிலைத்ததில்லை. 1976-இல் வீ வாரியர்ஸ் என்ற சிறு பதிப்பகம் 'பேலஸ் ஆஃப் த வாம்பயர் குயின்' என்பதைத் தனி ஏடாக விற்றபோது அதைக் 'கிட்' என்றது. 1978-இல், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் பூதர்களைப் பற்றிய மூன்று ஏடுகளை வெளியிட்டு அட்டையில் 'டஞ்சன் மாட்யூல்' என்று அச்சிட்டது. 'கால் ஆஃப் கதுலு' என்ற திகில் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் 'சினாரியோ' என்பார்கள். 1986-இல் தொடங்கிய 'டஞ்சன்' இதழ் 'அட்வென்ச்சர்' என்றே போட்டது. ஆகவே எந்த ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பது என்ற வழக்கையே விட்டுவிடலாம். பொருளுக்கு நாமே பெயர் வைப்போம்.

என் மேசையில் இப்போது டிஎஸ்ஆர் 'பி2' என்று எண்ணிட்டு வெளியிட்ட ஏடு கிடக்கிறது. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்'. மெல்லிய ஏடு. அட்டை ஏட்டோடு சேர்த்துத் தைக்கப்படாமல் தனியாகக் கழன்று வரும். அதை நிமிர்த்தி வைத்தால் ஆடுகிறவர்களுக்கு மறைப்பு. உட்புறத்தில் குகைகளின் வரைபடம் வெளிர்நீலத்தில். அந்தக் கால நகல் இயந்திரங்களில் வெளிர்நீலம் சரியாக விழாது. உள்ளே எல்லையோரக் கோட்டை ஒன்று, அதற்கு வெளியே காடும் சதுப்பும், ஒரு பள்ளத்தாக்கின் இருமருங்கும் குகைகள். ஒவ்வொரு குகையிலும் ஓர் இனம். ஓர் இனம் ஆபத்து வந்தால் பக்கத்துக் குகை அரக்கனுக்குப் பொன்மூட்டை எறிந்து உதவிக்கு அழைக்கும். அதே அரக்கனை ஆடுகிறவர்களும் காசு கொடுத்து வளைக்கலாம்.

என்ன நடக்கும் என்று இந்த ஏடு சொல்வதில்லை. யார் எங்கே இருக்கிறார்கள், எதை விரும்புகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறது. கோட்டையில் இருப்பவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. கொல்லர், கடைக்காரர், கோட்டைத் தலைவர், அவ்வளவே. காட்டில் ஒரு குகை முழுதாகவே நடத்துபவருக்கென்று விடப்பட்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இனி சொற்களுக்கு வருகிறேன்.

> கணினித் தமிழில் மாட்யூலுக்கு ஏற்கெனவே 'கூறு' இருக்கிறதே. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

கூறு என்றால் ஒரு முழுமையின் பங்கு. அப்படியானால் எதன் பங்கு என்ற கேள்வி வரும். பி2-ஐ மட்டும் வாங்கி ஓராண்டு முழுக்க ஆடியவர்கள் உண்டு. அவர்களுக்கு அது எதற்கும் கூறாக இருந்ததில்லை. அலகுக்கும் இதே குறை. தவிர, கூறுபோட்டு விற்கும் காய்கறி நினைவுக்கு வருகிறது.

> சாகசம் என்றால் எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், அது உண்மை. ஆனால் சாகசம் ஆடுகிறவர்கள் செய்வது. அதைக் கடையில் வாங்கிக்கொண்டு வர முடியாது. நம் பேச்சில் 'சாகசக்காரி' என்ற சொல்லில் பாசாங்கு என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழிநூலை இலக்கணத்தார் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று படித்தவர்களுக்குக் குழப்பமே மிஞ்சும்.

'கதைநூல்' என்பதை மட்டும் நான் வன்மையாக மறுக்கிறேன். காரணம் பட்டறிவு. முதன்முதலில் ஓர் ஏட்டைத் தமிழில் நடத்த உட்கார்ந்தபோது, கட்டமிட்டு 'ஆடுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுக' என்று கொடுத்திருக்கும் பகுதிகளை எல்லாம் ஒரு வாரம் உழைத்து நல்ல செந்தமிழில் எழுதி எடுத்துப் போனேன். ஒவ்வோர் அறையிலும் வாசித்தேன். எல்லோரும் சொற்பொழிவு கேட்பதுபோலக் கைகட்டிக் கேட்டார்கள். மூன்றாவது அறையில் ஒரு பெண், "அண்ணா, நாங்க எப்ப பேசலாம்?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு உறைத்தது. கதைநூல் என்று பெயர் வைத்தால், புதிதாக வருகிறவர்கள் என்னைப் போலவே கையில் இருப்பது கதை, தம் வேலை அதை வாசிப்பது என்று நினைத்துக்கொள்வார்கள். தவறான பெயர் ஓர் ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

> கள ஏடு எப்படி?

களம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் புணர்த்திப் பாருங்கள்: களம் + ஏடு = களவேடு. கேட்கிறவர் காதில் களவு + ஏடு என்றே விழும். பிரித்தே எழுதுவோம் என்று விதி செய்யலாம். பேசும்போது வாய் சேர்த்தேதான் சொல்லும்.

> எங்கட நாட்டுக்கூத்தில் அண்ணாவியார் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கூத்தை நடத்துவார். கூத்தேடு என்று சொன்னால் நம் மரபிலிருந்தே சொல் கிடைத்துவிடும்.

மட்டக்களப்பு ஐயாவின் இந்த வரியில் நெடுநேரம் நின்றேன். கையில் ஏடு, எதிரில் வேடம் கட்டியவர்கள், நடுவில் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் ஒருவர்: இவ்வளவு நெருக்கமான ஒப்புமை வேறு எங்கும் இல்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு உறுத்துகிறது, ஐயா. பதினெட்டாம் போர் ஆடும் இரவில் துரியோதனன் விழுவான் என்பது களரியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். எப்படி விழுகிறான் என்று காணத்தான் விடியவிடிய விழித்திருக்கிறோம். இந்த ஆட்டத்திலோ, யார் விழுவார் என்பது ஏடு வைத்திருப்பவருக்கே தெரியாது. 1983-இல் ஹிக்மன் தம்பதியர் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' ஏட்டில், கோட்டைக்குரிய இரத்தக்காட்டேரி எங்கே இருப்பான், அவன் நோக்கம் என்ன, அவனை வீழ்த்தும் பொருள்கள் எங்கே கிடக்கின்றன என்பதைச் சீட்டு எடுத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். எழுதிய இருவருக்கும்கூட உங்கள் மேசையில் என்ன நடக்கும் என்று தெரியாது.

ஆகவே களத்தையும் ஏட்டையும் விடாமல், இடையில் வேறொரு வினையைத் தேடினேன். கிடைத்தது 'புகு'.

புகுகளம்.

களம் புகுதல் தமிழில் பழைய தொடர். பத்மவியூகத்துக்குள் அபிமன்யுவுக்குப் புகத் தெரியும், வெளியேறத் தெரியாது என்று சொல்லும்போது நாம் இந்த வினையைத்தான் எடுக்கிறோம். நுழைதல் எங்கும் நடக்கும். களம் புகுதலில் ஆபத்தும் துணிவும் கலந்திருக்கின்றன. ஊறுகாய், சுடுகாடு போல இது வினைத்தொகை. அதனால் ஒற்று மிகாது, புகுக்களம் என்று யாரும் எழுத வேண்டாம். புகுந்த களம், புகுகின்ற களம், புகும் களம் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும்.

இந்த மூன்று காலம் வெறும் இலக்கண அழகு அல்ல. இதைச் சேகரிப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மைக் கார் எழுதிய பி1, 'இன் சர்ச் ஆஃப் த அன்னோன்', புதிதாக நடத்துகிறவர்களுக்கான பயிற்சி ஏடு. அறைகள் விவரிக்கப்பட்டிருக்கும். அவற்றில் பலவற்றில் எந்த உயிரி, எந்தப் புதையல் என்ற இடம் மட்டும் கோடிட்டுக் காலியாக இருக்கும். பட்டியல் கடைசியில் இருக்கும், நீங்கள் எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். என்னிடம் உள்ள படியைப் பழையதாக வாங்கினேன். அதில் அந்தக் கோடுகள் மேல் யாரோ ஒரு சிறுவர், அல்லது சிறுமி, பென்சிலால் நிரப்பியிருக்கிறார். ஓர் அறையில் எழுதி, அழித்து, வேறு எழுதியிருக்கிறது. இன்னோர் அறையில் ஓர் உயிரியின் வலு எண் ஆறு, நான்கு, ஒன்று என்று குறைந்து கடைசியில் அடித்துப் போடப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு மாலையில் அதை வென்றிருக்கிறார்கள்.

விலை பேசும் சேகரிப்பாளர்களுக்கு இது பழுது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத படிக்கு இருக்கும் மதிப்பு இதற்கு வராது. அரியவற்றைத் தேடுவதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. 1981-இல் வந்த பி3, 'பேலஸ் ஆஃப் த சில்வர் பிரின்சஸ்', ஆரஞ்சு அட்டையோடு அச்சாகி, டிஎஸ்ஆரே திரும்பப் பெற்று, பிறகு திருத்தி எழுதப்பட்டுப் பச்சை அட்டையில் வந்தது. ஆரஞ்சுப் படியை நேரில் காண வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் பென்சில் எழுத்துள்ள அந்தப் பி1-ஐ அதற்கு ஈடாகக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அது புகுந்த களம். மீதிக் கோடுகளை நிரப்பி நான் இந்த ஆண்டு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

பொருளையும் அச்சேட்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'புகுகள ஏடு' எனலாம். ஒரே மாலையில் முடிவதைக் குறும்புகுகளம் எனலாம் என்று எழுதிவிட்டு அழித்தேன். 'குறும்பு' முன்னால் வந்து நிற்கிறது. 'ஒருநாள் புகுகளம்' போதும். ஒன்றன்பின் ஒன்றாக வருபவை புகுகளத் தொடர்: பூதர்களின் மூன்று ஏடுகளில் தொடங்கி, பாதாளத்துக்குள் இறங்கி, 1980-இல் 'கியூ1' என்று எண்ணிட்ட ஏட்டில் முடிந்த வரிசை அப்படிப்பட்டது.

அக்கா ஒருவர் தனிமடலில் எழுப்பிய மறுப்பையும் அவர் அனுமதியோடு இங்கே வைக்கிறேன். 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்துக்காக 1984-இல் வந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோதெப்' நியூயார்க், லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று அலைகிறது. அதில் புகுவதற்கு ஒரு களம் எங்கே, அது துப்பறியும் வழக்கல்லவா என்கிறார். நியாயமான கேள்வி. 'பேச்சுக்களம்', 'தேர்தல் களம்' என்று நாம் சொல்லும்போது களம் தரையாக இருப்பதில்லை, ஒரு மோதல் நடக்கும் வெளியாக இருக்கிறது என்று பதில் சொல்லலாம். ஆனால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. நிலவறைக்கும் தீவுக்கும் கோட்டைக்கும் அட்டையாய் ஒட்டும் இந்தச் சொல், துப்பறியும் வகைக்குச் சற்றுத் தளர்வாகவே இருக்கிறது. அதற்கு 'வழக்கு' என்றே தனியாக வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

இன்னொரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். புகு-கள என்ற இடத்தில் நாக்கு ஒருமுறை தடுக்குகிறது. எங்கள் மேசையில் இரண்டு வாரமாகப் புழங்கிப் பார்க்கிறோம். "அடுத்த வாரம் எந்தப் புகுகளம்?" என்று கேட்பதில் இடரில்லை. வேகமாகப் பேசும்போது ஒருவர் 'புகளம்' என்கிறார். வாயில் தேய்ந்து அப்படி ஆனாலும் ஆகட்டும். தேயும் அளவுக்கு ஒரு சொல் புழங்கினால் நல்லதுதான்.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நடத்துகிறவருக்கு 'நடத்துநர்' என்று வைத்தால் இங்கே எல்லோரும் பேருந்தை நினைக்கிறார்கள். 'அண்ணாவியார்' என்று எடுத்துக்கொண்டால், கூத்து மரபில் இருப்பவர்கள் அதைத் தவறாக நினைப்பார்களா? பெண்கள் நடத்தினால் என்ன சொல்வது? உங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாரையாவது கேட்டு எழுத முடிந்தால் தனி இழையாகவே தொடங்கிவிடலாம்.

அன்புடன்.