வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம்: அவரிடம் காட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

வட சென்னை வியாசர்பாடியில் வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்ட் 15 அன்று, தம் 70ஆவது வயதில் காலமானார். அஞ்சலிச் செய்திகள் எல்லாம் அவர் நோயாளிகளிடம் கட்டணமாக வாங்கிய ஐந்து ரூபாயைச் சொல்லிப் பெருமைப்பட்டன. அந்த ஐந்து ரூபாய் எங்கள் தெருக்களில் என்ன செய்தது என்பதை அவரிடம் போய் வந்தவர்கள்தான் சொல்ல முடியும். நான் தொடங்குகிறேன்.

என் அப்பா மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அவரைப் போன்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாள் சுக்குக் கஷாயம், மறுநாள் மருந்துக் கடையில் இரண்டு வேளைக்கு மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால்தான் ஆஸ்பத்திரி என்ற பேச்சே வரும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தான். ஆனால் ஓ.பி. சீட்டு, வரிசை, ரத்தப் பரிசோதனை, அதன் முடிவு என்று அலைந்தால் அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். தனியார் டாக்டர் என்றால் கையில் பணம் வேண்டும். இப்படித் தள்ளிப்போட்டே நோயை முற்றவிட்டவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம்.

திருவேங்கடம் டாக்டரிடம் அந்தக் கணக்கே இல்லை. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுக்கூடப் போகலாம். இரவு வெகுநேரம் வரை பார்ப்பார். அதனால் வலி தொடங்கிய அன்றே போனோம். அவர் செய்த பெரிய வைத்தியம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பா ஒருமுறை காலில் ஆணி குத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசித் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் ஓர் இரவு டாக்டரிடம் போனார். நானும் உடன் போனேன். டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்கவும் இல்லை. அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "தெரிகிறதா, தெரிகிறதா" என்று கேட்டார். கட்டைவிரல் பக்கம் வந்தபோது அப்பா பதிலே சொல்லவில்லை. தொட்டது அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். அன்றுவரை அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டி, ஸ்டான்லிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். விரல் தப்பியது. ஆணி குத்தியதற்கு நூறு ரூபாய் கேட்கும் டாக்டராக இருந்தால் அப்பா வாசல் படியையே மிதித்திருக்க மாட்டார்.

பெரம்பூரிலிருந்து ஒருவர்:

நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டரைப் பற்றிப் பேசும்போது அவருடைய மனைவியை விட்டுவிடுகிறார்கள். அந்த அம்மாவும் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்ததால்தான் டாக்டரால் நோயாளியின் சட்டைப்பையைப் பார்க்காமல் இருக்க முடிந்தது. பகுதியில் இருந்த மற்ற டாக்டர்கள், குறைந்தது நூறு ரூபாயாவது வாங்குங்கள் என்று எதிர்ப்புத் தெரிவித்தபோது, தொடக்கத்தில் வாங்கிய இரண்டு ரூபாயை ஐந்தாக்கியதோடு நிறுத்திக்கொண்டார். இப்படி ஒரு முடிவை வீட்டில் சம்மதமில்லாமல் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்ற முடியுமா? பிள்ளைகள் இருவரும் மருத்துவம் படித்தார்கள். குடும்பத்தைத் தவிக்கவிட்டு ஊருக்கு உழைத்தவர் அல்லர் அவர். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே இதனால்தான்.

இன்னொன்று. காமராஜர் காலத்துக் கல்விக் கொள்கையால் செலவில்லாமல் படித்தேன், அதனால்தான் நோயாளிகளிடம் பணம் எதிர்பார்ப்பதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து 1973இல் தொழிலைத் தொடங்கியவர், அந்த நன்றிக்கடனைக் கடைசிவரை அடைத்துக்கொண்டே இருந்தார்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கத்திலும் ஓர் ஐந்து ரூபாய் டாக்டர் இருந்தார், ஜெயச்சந்திரன். அவரும் இரண்டு ரூபாயில் தொடங்கியவர். 2018 டிசம்பரில் 71 வயதில் காலமானார். மனைவியும் டாக்டர். இறுதி ஊர்வலத்தன்று மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுததைப் பார்த்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

எருக்கஞ்சேரியிலிருந்து ஒருவர்:

2015 வெள்ளத்தில் டாக்டரின் கிளினிக்கும் பாதிக்கப்பட்டது. இடம் மாற வேண்டியதாயிற்று. மழைக்காலம் என்றால் எங்கள் பகுதி எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்த வழி அடைபட்டுவிடும். சாக்கடை கலந்த தண்ணீரில் நடந்து நடந்து வீட்டுக்கு வீடு சேற்றுப்புண். அப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டாக்டர் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம்! குடிசைப் பகுதி மக்களுக்காக வியாசர்பாடியில் ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது நிறைவேறாமலே போய்விட்டார் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

தொடங்கியவரின் பதில்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. நகர்ப்புற நல்வாழ்வு மையங்களில் மாலை நான்கு முதல் எட்டு வரையும் பார்க்கிறார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் வேலை முடிந்து எட்டரைக்குப் பஸ்ஸை விட்டு இறங்குபவருக்கு அதுவும் மூடித்தான் இருக்கும். எங்கள் பகுதி மையத்தை இரவு பத்து மணி வரை திறந்து வைக்கும்படி மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, கொடுங்கையூர்க்காரர்கள் இங்கேயே சொல்லுங்கள்.