‘கடுமையான’ என்ற ஒரு சொல்: கவுன்சில் திட்டங்களில் தேசியக் கொள்கை குறித்த அனுபவங்கள்

முதல் பதிவு

இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு மாவட்டக் கவுன்சிலின் திட்டமிடல் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். 2012 மார்ச்சில், கட்டுமானத் திட்டமிடலுக்கான அரசின் கொள்கை ஆவணமான தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம் வெளிவந்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் பரந்து கிடந்த கொள்கைகளை ஐம்பது சொச்சம் பக்கங்களுக்குள் அடக்கியபோது, இனி உள்ளூர்த் திட்டம் (எங்கே எதைக் கட்டலாம் என்று கவுன்சில் தன் பகுதிக்கு வகுக்கும் கொள்கைத் தொகுப்பு) எழுதுவது எளிதாகிவிடும் என்று நம்பினோம்.

போக்குவரத்துக் கொள்கையில்தான் முதல் அடி விழுந்தது. தணிப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகும் சாலைகளில் எஞ்சும் ஒட்டுமொத்தத் தாக்கம் ‘கடுமையானதாக’ இருந்தால்தான் போக்குவரத்தைக் காரணம் காட்டிக் கட்டுமான அனுமதியை மறுக்கலாம் என்பது அன்றைய தேசிய வாசகம். பள்ளி விடும் நேரத்தில் ஒரு பேருந்தும் ஒரு லாரியும் எதிரெதிரே வந்தால் நின்றுவிடும் கிராமச் சாலையைத் தினமும் பார்க்கும் எங்கள் கவுன்சில் உறுப்பினர்களுக்கு அது போதவில்லை. நெரிசலைக் ‘குறிப்பிடத்தக்க அளவில்’ கூட்டினாலே மறுக்கலாம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினோம். பொதுமக்கள் கருத்துக்காக 19-ஆம் விதியின்படி வரைவை வெளியிட்டபோது, ஒரு வீடுகட்டும் நிறுவனம் அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே பக்கக்கணக்கில் ஆட்சேபம் அனுப்பியது. திட்டத்தைப் பரிசீலிக்கும் விசாரணையில் அரசு நியமித்த ஆய்வாளர் கேட்டது ஒரே கேள்வி: தேசிய அளவுகோலைவிடத் தாழ்ந்த அளவுகோலுக்கு இந்த மாவட்டத்தில் என்ன ஆதாரம்? எங்களிடம் வாகனக் கணக்கெடுப்பு இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை இல்லை. திட்டம் ஏற்கப்பட அவர் கோரிய முதன்மைத் திருத்தமாகக் ‘கடுமையான’ திரும்ப வந்தது.

ஆனால் அதே கொள்கையில், எந்தெந்தச் சந்திப்புகளை எந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்று நாங்கள் எழுதியிருந்த பத்தியில் அவர் கைவைக்கவில்லை. பின்னாளில் விண்ணப்பதாரர்களிடம் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பத்திதான்.

மறுமொழி

நான் வேறொரு கவுன்சிலின் திட்டமிடல் அலுவலர். எங்கள் கதை இதற்கு நேர்மாறானது, ஐயா. நிலைத்த வளர்ச்சிக்குச் சாதகமான முன்னனுமானம் (அத்தகைய கட்டுமானத்தை அனுமதிப்பதே பொது நிலை என்ற சட்டகத்தின் கொள்கை) குறித்து, ஆய்வாளர்களை நியமிக்கும் அரசு அமைப்பு 2012-இல் தந்த மாதிரிக் கொள்கையை எழுத்துப் பிசகாமல் முதல் கொள்கையாக ஒட்டினோம். அன்று பல கவுன்சில்கள் செய்ததும் அதுதான். தேசியக் கொள்கையைத் தேவையின்றித் திரும்பச் சொல்லக் கூடாது என்று சட்டகமே கூறுவதால், திட்டத்தைப் புதுப்பித்தபோது அது நீக்கப்பட்டது. விளக்கவுரையில் பத்தி எண்களைக் குறித்தது அதைவிடப் பெரிய தவறு. மரபுச் சின்னங்களுக்கு நேரும், ‘கணிசமானது’ என்ற அளவை எட்டாத கேட்டைப் பொதுநன்மையோடு எடைபோடச் சொல்லும் பத்தி 2012-இல் 134. பிறகு 196, 202, 208 ஆகி, 2024 டிசம்பர் பதிப்பில் 215. அச்சிட்ட மை காய்வதற்குள் எங்கள் எண் பழையதாகிவிட்டது.

மறுமொழி

நான் அலுவலர் அல்லன். மரபுப் பாதுகாப்புப் பகுதி ஒன்றில் குடியிருப்பவன். பக்கத்து வீட்டு விரிவாக்கத்தை எதிர்த்தபோது, பகுதியின் தன்மைக்கு எந்தக் கேடு நேர்ந்தாலும் அனுமதி இல்லை என்ற எங்கள் உள்ளூர்த் திட்டத்தின் வரியையே மேற்கோள் காட்டினேன். 2004-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6) பிரிவு திட்டத்தின்படியே முடிவெடுக்கச் சொல்கிறதே என்ற தைரியம். ஆனால் ‘வேறு கருத்தில் கொள்ளத்தக்க காரணங்கள் இருந்தாலன்றி’ என்று அதே பிரிவு தொடர்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் அந்த வரி தேசியச் சட்டகம் வந்த 2012-க்கு முற்பட்டது, பொதுநன்மையை எடைபோட அதில் இடமில்லை, ஆகவே அதற்குக் குறைந்த மதிப்பே தரமுடியும் என்று அலுவலர் அறிக்கை எழுதியது. கவுன்சிலின் திட்டமிடல் குழு அனுமதித்தது.

இப்போது உள்ளூர்த் திட்டத்தின் புதிய வரைவுக்குக் கருத்துக் கேட்கிறார்கள். இம்முறை தடை வேண்டும் என்று நான் எழுதவில்லை. எங்கள் தெருவின் சிறப்புகள் எவை என்பதைக் கொள்கையிலேயே பெயர் சொல்லிக் குறிக்கக் கேட்டிருக்கிறேன்: சிக்கிமுக்கிக் கல் மதில்கள், சிலேட்டுக் கூரைகள், வீடுகளுக்கிடையே தேவாலயக் கோபுரம் தெரியும் அந்த இடைவெளி.