அரை மாரத்தான்: 16ஆவது கிலோமீட்டரைத் தாண்ட வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பணிபுரியும் நாங்கள் நான்கு நண்பர்கள், டிசம்பரில் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானைச் சேர்ந்து ஓடுவதற்குப் பதிவு செய்திருக்கிறோம். ஞாயிறுதோறும் விடியுமுன் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பயிற்சி செய்கிறோம். 12 கிலோமீட்டர் வரை பேச்சும் சிரிப்புமாகப் போய்விடுகிறது. அதன்பின், காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமலும் உடற்சூடு தணியாமலும் தவித்து, 16ஆவது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. சென்ற வாரம் பிடோக் படகுத்துறையருகே உட்கார்ந்து காலுறையைக் கழற்றிப் பிழிந்தபோது, துவைத்த துணியைப் போல நீர் கொட்டியது. கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது. (சென்னை வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று பெருமை பேசியவனும் நானே.)

தண்ணீர் மட்டும் போதுமா, உப்பு கலந்த பானத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? எங்களில் ஒருவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்திலும் மற்றொருவர் 8 நிமிடத்திலும் ஓடுவதால், இறுதிவரை சேர்ந்தே ஓடுவதா, பாதியில் பிரிந்துகொள்வதா என்பதிலும் எங்களுக்குள் முடிவு எட்டவில்லை. புழுக்கம் மிகுந்த ஊர்களில் ஓடிய அனுபவமுள்ளவர்கள், அதிகாலை ஓட்டத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.