‘செயலற்ற முறை’க்கு வேறு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து, புதன்

நண்பர்களே, வணக்கம். சனிக்கிழமை சமூக மன்றத்தில் லினக்ஸ் வகுப்பு. கோப்புகளை அனுப்பப் பயன்படும் எஃப்டிபியைத் தீயரண் (ஃபயர்வால்) வழியாகப் பாதுகாப்பாக விடுவதுதான் பாடம். கையேடு வெள்ளி இரவு அச்சுக்குப் போகவேண்டும்.

எஃப்டிபியின் இரண்டு இணைப்பு முறைகளில் ஒன்றான ‘பாசிவ்’ என்பதைப் போன முறை ‘செயலற்ற முறை’ என்று எழுதியிருந்தேன். பணி ஓய்வுபெற்ற ஒருவர் அமைப்புக் கோப்பில் அந்த வரியைக் கண்டதும் ‘எஸ்’ஸை அழித்து ‘நோ’ போட்டுவிட்டார். “செயலத்ததை எதுக்குத் தம்பி வச்சிருக்கணும்?” என்று கேட்டார். உள்ளே நுழைய முடிந்தது, கோப்புப் பட்டியல் வரவில்லை. பாதி வகுப்பு அதிலேயே போயிற்று. பிழை அவருடையதல்ல, என் சொல்லுடையது.

21ஆம் போர்ட்டில், அதாவது கணினியின் 21ஆம் எண் வாசலில், கட்டளைப் பேச்சு மட்டுமே. கோப்பு தனி இணைப்பில் போகும். ஆக்டிவ் முறையில் வழங்கியே (சர்வர்) நம் கணினியைத் தேடி வரும், வீட்டு ரூட்டர் அதைத் தடுத்துவிடும். பாசிவில் வழங்கி ஒரு போர்ட்டைத் திறந்துவைத்து எண்ணைச் சொல்லும், நாம் போய் இணைவோம். இதில் செயலற்றது எது?

தோ பாயோவிலிருந்து, புதன் இரவு

தம்பி, இலக்கணத்தில் செயப்பாட்டுவினை இருக்கிறது. ஆனால் ‘படு’ வந்தாலே அகப்படு, துன்பப்படு என்று பாடுபடும் சாயல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இணையாக ஆக்டிவை ‘செய்வினை முறை’ என்று எழுதினால் மக்கள் சூனியம் என்று படிப்பார்கள்.

‘எதிர்கோள் முறை’ என்று வையுங்கள். சிலம்பில் கண்ணகி ‘விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை’ என்கிறாளே, அந்தக் கோடல். கொள் நீண்டு கோள். கோள், தல் சேர்ந்து கோடல். கொள்முதல், கொள்கலம், கொளு எல்லாம் இந்த வேர்தான். வாசலைத் திறந்துவைத்து வருபவரை வரவேற்பது. வழங்கி செய்வதும் அதுவே அல்லவா?

செங்காங்கிலிருந்து, வியாழன்

ஐயா, சொல் அழகுதான். ஆனால் தீயரண் பாடத்தில் ‘எதிர்கொள்’ என்றால் தாக்குதலை எதிர்கொள்வது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ‘பாசிவ்’ என்றே விடுங்கள், கட்டளையில் வருவதும் அதுதானே.

தம்பி, இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். டிஎல்எஸ் என்னும் பாதுகாப்பைப் போட்டதும் 21இல் நடக்கும் பேச்சு மறையாக்கமாகிவிடும். எந்தப் போர்ட் திறக்கப்போகிறது என்பதைத் தீயரணால் ஒட்டுக்கேட்க முடியாது. அதனால் வழங்கியில் 40000 முதல் 40100 வரை என்று வரம்பு கட்டி, தீயரணிலும் அதே வரம்பை மட்டும் திறக்கவேண்டும். வேலை நடக்கட்டும் என்று எல்லாவற்றையும் திறந்துவிடுவது பெருந்தவறு. முடிந்தால், ஒரே இணைப்பில் மறையாக்கத்தோடு கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறிவிடுங்கள். 22ஆம் போர்ட் ஒன்றே போதும், இந்தச் சொல்லும் தேவைப்படாது.

ஈசூனிலிருந்து, வியாழன் இரவு

அக்கா, எஸ்எஃப்டிபி அடுத்த வாரம். இவர்களுடைய அலுவலகத்து ஸ்கேனருக்கு எஃப்டிபிதான் தெரியும்.

‘பாசிவ்’ என்றே விட எனக்கு மனம் வரவில்லை. ‘இணையம்’ நம் ஊர் நா. கோவிந்தசாமி தந்த சொல். 1997இல் முதல் தமிழிணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு சொல்லுக்குக் கைவிரிப்பதா? யார் தொடுக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. வழங்கி தொடுத்தால் ‘தொடுப்பு முறை’, ஏற்றால் ‘ஏற்பு முறை’. சரிவருமா?

தோ பாயோவிலிருந்து, வெள்ளி

‘ஏற்பது இகழ்ச்சி’ என்று படித்துவிட்டு வந்த நமக்கு ஏற்பு என்றால் கையேந்துவதுதான். விருந்தோம்புகிறவனைப் பிச்சைக்காரனாக்குகிறீர்கள். தொடுப்பு நல்ல சொல், அதை ஏற்கிறேன். மற்றதற்கு என் மறுப்பு இருக்கட்டும்.

ஈசூனிலிருந்து, வெள்ளி இரவு 11

நால்வர் ‘ஏற்பு’, இருவர் ‘பாசிவ்’, ஐயா ஒருவர் ‘எதிர்கோள்’. முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பாசிவ்’ என்றும் சேர்த்து ‘ஏற்பு முறை’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஐயா, உங்கள் காரணத்தை வகுப்பில் சொல்வேன்.

செங்காங்கிலிருந்து, வெள்ளி இரவு

தம்பி, தீயரண் விதியில் இணைப்பை உள்ளே விடச் சொல்லும் ‘ஆக்செப்ட்’டுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

ஈசூனிலிருந்து, நள்ளிரவு

இரண்டு இடத்தில் ‘அனுமதி’. மூன்றாம் பக்கத்தில் ‘ஏற்பு’. 18 படிகள்தாம், காலையில் பேனாவால் திருத்திவிடுகிறேன்.