மாடியில் அடித்த சுண்ணாம்பு மாவாக உதிர்கிறது, ஏன்?

வைகைக்கரை:
ஆனையூர்ப் பக்கம், கான்கிரீட் மாடி. வெக்கை குறையட்டும்னு 10 கிலோ கல் சுண்ணாம்பு வாங்கி, உச்சி வெயிலில் ரெண்டு கோட்டு அடிச்சாச்சு. நடந்தா பாதமெல்லாம் வெள்ளை. தண்ணியில் போட்டப்போ பெரிசாக் கொதிக்கவும் இல்லை. உப்பு சேர்த்தா ஒட்டும்ங்கிறாங்க, சரியா?

கரணை:
கொதிக்கலைன்னா அது பூத்துப்போன சுண்ணாம்பு. சூளையில் சுமார் 900 டிகிரியில் கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறினாத்தான் அது சுட்ட சுண்ணாம்பு. மூட்டை திறந்தே கிடந்தா, காத்திலிருந்து ஈரத்தையும் அந்த வாயுவையும் இழுத்து மறுபடி வெறும் கல்லுப்பொடி ஆயிடும். பொடிக்குப் பிடிமானம் ஏது? ஒரு கட்டியைத் தண்ணியில் போட்டா சில நிமிஷத்தில் சீறி உடையணும். அப்படி இருந்தா மட்டும் வாங்குங்க.

வெயிலில் அடிச்சது அடுத்த தப்பு. சுண்ணாம்பு காயறதால இறுகுறதில்லை. ஈரம் இருக்கும்போதே காத்துல உள்ள கரியமில வாயுவோட சேர்ந்துதான் கல்லாகுது. உச்சி வெயில் அந்த ஈரத்தை உறிஞ்சிடும்.

இப்போ உதிர்றதைத் தென்னந்துடைப்பத்தால் தேய்ச்சுக் கழுவிடுங்க. புதுச் சுண்ணாம்பைக் கிலோவுக்கு 2-3 லிட்டர் தண்ணியில் நீத்து (அதாவது தண்ணியில் போட்டுக் கொதிச்சு உடைய விட்டு), ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கிலோவுக்கு மொத்தம் 5 லிட்டர் வர்ற மாதிரி கரைங்க. சாயங்காலம் தரையை நனைச்சுட்டு மெல்லிசா அடிங்க. மறுநாள் காலையில் லேசாத் தண்ணி தெளிச்சு, சாயங்காலம் ரெண்டாம் கோட்டு. கெட்டியா ஒரே கோட்டு அடிச்சா வெடிச்சு ஏடு ஏடா வரும்.

பொறிகாரன்:
உப்பு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், உண்மைதான். மண்சுவருக்குச் சரி. கான்கிரீட் மாடிக்கு வேண்டவே வேண்டாம். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கினா கம்பி துருப்பிடிக்கும். பதிலா 10 கிலோவுக்கு அரைக் கிலோ ஃபெவிகால், அடிக்கப்போற நேரத்தில் கலந்துக்குங்க.

வைகைக்கரை:
நன்றி. அலுமினிய அண்டாவில் நீத்தலாமா?

கரணை:
கூடாதுங்க. சுண்ணாம்பு அலுமினியத்தை அரிச்சு ஹைட்ரஜனைக் கிளப்பும். மெல்லிசு பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிடும். இரும்பு டிரம்தான் லாயக்கு. முதல்ல தண்ணி, அப்புறம் கட்டி கட்டியாச் சுண்ணாம்பு; மாத்திச் செஞ்சா மூஞ்சிக்குத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்குங்க. கண்ணில் பட்டா விடாம 20 நிமிஷமாவது நல்ல தண்ணியில் கழுவிக்கிட்டே இருந்துட்டு உடனே கண் ஆஸ்பத்திரி போங்க.

மழைநீர்க் குழாய் தொட்டிக்குப் போகுதுன்னா முதல் ரெண்டு மழைத் தண்ணியை வெளியே விட்டுடுங்க.