கேன் இவர்களுடையது, வண்டி யாருடையது?

குழு: நம்ம வீடு

கதிர்: (முன்னனுப்பிய செய்தி) "அடுத்த மான்ஸ்டர் இதுதான்!! செல்சியஸ் பங்கை இப்போது வாங்காதவர் பின்னால் வருந்துவார். பத்து பேருக்கு அனுப்பவும்."

கதிர்: கடைசி வரியை விடுங்கள். விஷயம் உண்மையா என்று தெரிய வேண்டும். மான்ஸ்டரைப்போல செல்சியஸும் ஓர் அமெரிக்க எனர்ஜி டிரிங்க் கம்பெனி. 2024 மார்ச்சில் 99 டாலரைத் தொட்ட பங்கு. 2025 தொடக்கத்தில் 25 டாலருக்கும் கீழே போனது. அதற்கப்புறம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கொஞ்சம் வாங்கிப் போடலாமா என்று பார்க்கிறேன். மீனா அக்கா, நீ என்ன சொல்கிறாய்?

ரவி சித்தப்பா: எதற்கு இந்த விஷப்பரீட்சை? கோக் பங்கு இருக்கிறதே.

அருண்: அப்பா ஆரம்பித்துவிட்டார்.

ரவி சித்தப்பா: அறுபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு வருஷமும் ஈவுத்தொகையை, அதாவது பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கை, உயர்த்திக் கொடுக்கிற கம்பெனி. ஆரம்பிக்காமல் என்ன செய்வது? அதிருக்கட்டும், இந்த எனர்ஜி டிரிங்கை எல்லாம் யார் குடிக்கிறார்கள்?

அருண்: நான்தான். எப்போதாவது. தேர்வு சமயத்தில்.

வசந்தி சித்தி: என்னது?

அருண்: கதிர் அண்ணா பங்கைப் பற்றிக் கேட்டார், அதைப் பேசுவோம் அம்மா.

மீனா: கதிர், வாங்குவதற்கு முன்னால் ஒன்று சொல். 99 டாலரிலிருந்து அந்தப் பங்கு ஏன் விழுந்தது?

கதிர்: விற்பனை குறைந்ததாம். மக்களுக்கு அந்தப் பானம் சலித்துவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

மீனா: அங்கேதான் தப்பு. 2024 மூன்றாம் காலாண்டில் கம்பெனியின் வருவாய் 38.5 கோடி டாலரிலிருந்து 26.6 கோடியாக இறங்கியது. சுமார் 31 சதவீதம். ஆனால் அதே காலாண்டில் கடைகளில் விற்ற கேன்களின் மதிப்பு முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

கதிர்: கடையில் கூடி, கம்பெனியில் எப்படிக் குறையும்?

வசந்தி சித்தி: நடுவில் கிடங்கு இருக்கிறதே.

மீனா: சித்தி!!

வசந்தி சித்தி: நான் பல வருஷம் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்தவள். கடைக்காரர் நேரடியாக உற்பத்தியாளரிடம் வாங்குகிறாரா, நடுவில் விநியோகஸ்தர் இருக்கிறாரா?

மீனா: இருக்கிறார். அவர் பெயர் பெப்சி. 2022 ஆகஸ்டில் பெப்சி 55 கோடி டாலர் போட்டு, ஏறக்குறைய 8.5 சதவீதப் பங்குக்கு ஈடான முதலீட்டை வாங்கியது. கூடவே அமெரிக்காவில் செல்சியஸை விநியோகம் செய்யும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. அதுவரை பல சின்ன விநியோகஸ்தர்கள் வழியாகப் போன சரக்கு, பெப்சி லாரியில் ஏறியது. 2023இல் வருவாய் இரண்டு மடங்காகி 132 கோடி டாலர் ஆனது. பங்கு எகிறியது அதனால்தான்.

வசந்தி சித்தி: அந்த 132 கோடியில் மக்கள் குடித்தது எவ்வளவு, பெப்சி கிடங்கில் அடுக்கி வைத்தது எவ்வளவு?

கதிர்: கிடங்கில் அடுக்கியதும் விற்பனைக் கணக்கில் வருமா?

மீனா: வரும். பெப்சிக்குச் சரக்கு கைமாறியதும் செல்சியஸுக்கு அது விற்பனை. சட்டப்படி சரியான கணக்குதான், ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் புதிதாக ஒரு பெரிய விநியோகஸ்தர் வந்தால், நாடு முழுவதும் உள்ள கிடங்குகளை முதலில் நிரப்ப வேண்டும். அந்த நிரப்புதல் ஒரு தடவைதான் நடக்கும். சந்தை அதை வருஷா வருஷம் நடக்கிற வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டது.

வசந்தி சித்தி: அப்புறம் வாங்குகிறவர், "இவ்வளவு ஸ்டாக் எனக்கு எதற்கு?" என்று ஒரு நாள் யோசிப்பார். இருப்பைக் கரைத்துவிட்டுப் புதிதாக ஆர்டர் போடுவார்.

மீனா: அதேதான் நடந்தது. அந்த மூன்றாம் காலாண்டில் பெப்சிக்குப் போன விற்பனை மட்டும் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 12.4 கோடி டாலர் குறைந்தது. மொத்த வருவாய் இறங்கியதே சுமார் 12 கோடிதான். கணக்கு முழுக்க அங்கேயே முடிந்துவிடுகிறது.

ரவி சித்தப்பா: வசந்தி, இதை எல்லாம் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே.

வசந்தி சித்தி: நீங்கள் எப்போது கேட்டீர்கள்?

கதிர்: சரி, இருப்பு கரைந்துவிட்டது என்றால் இனி ஏறத்தானே வேண்டும்? அதனால்தான் இப்போது வாங்கலாம் என்கிறேன்.

மீனா: இருடா, கதை அங்கே முடியவில்லை. 2025இல் அலானி நியூ என்ற இன்னொரு எனர்ஜி டிரிங்க் பிராண்டை 180 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பெண்களிடம் நன்றாக ஓடுகிற பிராண்ட். அந்த ஆகஸ்டில் பெப்சியுடன் மறுபடியும் ஒப்பந்தம். செல்சியஸில் பெப்சி வைத்திருக்கும் பங்கு சுமார் 11 சதவீதமாக உயர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ராக்ஸ்டார் பிராண்ட் செல்சியஸ் கைக்கு வந்தது. அலானி நியூ பெப்சி வண்டிக்கு மாறுவதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அருண்: ராக்ஸ்டாரைப் பெப்சி 2020இல் 385 கோடி டாலர் கொடுத்து வாங்கியது இல்லையா? அதையே தூக்கிக் கொடுத்துவிட்டார்களா?

மீனா: ஆமாம். அவ்வளவு காசு போட்டும் அவர்களால் அதை மான்ஸ்டருக்கு எதிரே நிறுத்த முடியவில்லை.

வசந்தி சித்தி: அலானி நியூ வண்டி மாறுகிறது என்றாயே. அப்படியென்றால் மறுபடியும் பழைய விநியோகஸ்தர் இருப்பைக் கரைப்பார், புதியவர் கிடங்கை நிரப்புவார். இன்னொரு சுற்று.

மீனா: அதே. பழையவர்களை விலக்குவதற்கு இழப்பீடும் கொடுக்க வேண்டும். 2025 நவம்பரில் காலாண்டு முடிவோடு இதைச் சொன்ன அன்று, பங்கு ஒரே நாளில் கால்வாசி விழுந்தது. கேன் குடிக்கிறவர்கள் யாரும் அன்று காலையில் திடீரென்று நிறுத்திவிடவில்லை.

கதிர்: அடப்பாவி.

ரவி சித்தப்பா: நான் சொன்னேனே, கோக்.

மீனா: சித்தப்பா, உங்கள் கோக்குக்கும் இந்த விளையாட்டில் இடம் உண்டு. மான்ஸ்டரை இவ்வளவு பெரிதாக்கியதில் கோக் வண்டிக்குப் பெரிய பங்கு. 2015இல் சுமார் 215 கோடி டாலருக்கு மான்ஸ்டரின் 16.7 சதவீதத்தைக் கோக் வாங்கியது. தன்னிடம் இருந்த எனர்ஜி பிராண்டுகளை எல்லாம் மான்ஸ்டரிடம் கொடுத்தது. மான்ஸ்டர் தன் சோடா, ஜூஸ் வகையறாக்களைக் கோக்கிடம் தள்ளியது. அதற்கப்புறம் மான்ஸ்டர் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டே வந்ததால், கோக் மேற்கொண்டு காசு போடாமலே அதன் விகிதம் 20 சதவீதத்தை நெருங்கிவிட்டது.

ரவி சித்தப்பா: அப்படியானால் நான் ஏற்கெனவே எனர்ஜி டிரிங்க் முதலாளி!

அருண்: அப்பாவே விற்கிறார், நான் குடிக்கக் கூடாதா?

வசந்தி சித்தி: கூடாது.

கதிர்: ஆனால் அக்கா, மான்ஸ்டரும் கோக் வண்டியை நம்பித்தானே இருக்கிறது? செல்சியஸுக்கு மட்டும் ஏன் அடி?

மீனா: நல்ல கேள்வி. மான்ஸ்டர் 2002இல் வந்த பானம். கம்பெனியின் பழைய பெயர் ஹான்சன் நேச்சுரல். கோக் முதலீடு போடும்போதே அது பெரிய பிராண்ட். வண்டி மாறியபோது அவர்களும் பழைய விநியோகஸ்தர்களுக்குப் பெரிய தொகை இழப்பீடு கொடுத்தார்கள், ஆனால் தாங்கும் உடம்பு இருந்தது. இன்னொன்று, கோக் என்றால் ஒரே வாங்குநர் இல்லை. பாட்டிலில் நிரப்பி விநியோகிக்கிற கம்பெனிகள் நாட்டுக்கு நாடு, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வேறு. ஒருவர் இருப்பைக் குறைத்தால் இன்னொருவர் கூட்டுவார். செல்சியஸின் 2023 ஆண்டறிக்கையைப் பார், விற்பனையில் பாதிக்கும் மேல் பெப்சி என்ற ஒரே வாடிக்கையாளர். அவர் தும்மினால் இவருக்கு ஜலதோஷம்.

அருண்: முன்பு பேங் என்று ஒன்று எல்லா இடத்திலும் பேசப்பட்டது. அது எங்கே போனது?

மீனா: அதுவும் வண்டிச் சண்டைதான். அமெரிக்காவில் மூன்றாவது இடம்வரை வந்த பிராண்ட். 2020இல் பெப்சியோடு விநியோக ஒப்பந்தம் போட்டு, அந்த வருஷமே முறைத்துக்கொண்டார்கள். 2022 நடுவில் பிரிந்தார்கள். அந்த செப்டம்பரில், கேனில் எழுதியிருந்த "சூப்பர் கிரியேட்டின்" என்ற சேர்மானம் பொய் விளம்பரம் என்று மான்ஸ்டர் போட்ட வழக்கில் 29 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பு. அக்டோபரில் திவால் மனு. 2023இல் மான்ஸ்டரே சுமார் 36 கோடி டாலருக்கு அதை வாங்கிவிட்டது.

ரவி சித்தப்பா: வழக்குப் போட்டவனே வீட்டையும் வாங்கிக்கொண்டானா? பலே.

கதிர்: அப்படியென்றால் வண்டி வைத்திருப்பவன் பங்கைத்தான் வாங்க வேண்டும். சித்தப்பா சொன்ன கோக், இல்லாவிட்டால் பெப்சி.

மீனா: அவ்வளவு நேராகவும் இல்லை. 2020இல் கோக் தன் பெயரிலேயே "கோக்கா-கோலா எனர்ஜி"யை அமெரிக்காவில் இறக்கியது. இது ஒப்பந்த மீறல் என்று அதற்கு முன்பே மான்ஸ்டர் நடுவர் மன்றம் வரை போய் 2019இல் தோற்றிருந்தது. கடைசியில் வென்ற கோக்கால் விற்க முடியவில்லை. 2021இல் வட அமெரிக்காவில் அந்தப் பானத்தையே நிறுத்திவிட்டார்கள். உலகத்திலேயே பெரிய வண்டி, ஆனால் கேனை எடுக்க ஆள் வரவில்லை.

அருண்: குடித்துப் பார்த்தவர்களைக் கேட்டால் காரணம் தெரியும்.

வசந்தி சித்தி: நீ குடித்தாயா?

அருண்: படித்தேன் அம்மா. படித்தேன்.

கதிர்: ரெட் புல்? அதை வாங்கலாமா?

மீனா: பங்குச்சந்தையில் பட்டியலிடாத கம்பெனி. தாய்லாந்தின் யூவித்யா குடும்பத்துக்கும் ஆஸ்திரியாவின் மாட்டேஷிட்ஸ் குடும்பத்துக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. நமக்கு ஒரு பங்குகூடக் கிடைக்காது. யாராவது "ரெட் புல் பங்கு வெளியீட்டுக்கு முன்பே வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் எண்ணை பிளாக் செய்.

ரவி சித்தப்பா: இவ்வளவு குழப்பம் எதற்கு? அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் என்ன செய்தார்? 1994க்குள் 130 கோடி டாலருக்குக் கோக் வாங்கி முடித்தார். அந்த வருஷம் வந்த ஈவுத்தொகை 7.5 கோடி. 2022இல் 70 கோடியைத் தாண்டியது. போட்ட காசில் பாதிக்கும் மேல் ஒரே வருஷத்தில் திரும்பி வருகிறது. வண்டியாவது கிடங்காவது.

மீனா: அது அவர் வாங்கிய விலை, சித்தப்பா. 1998 நடுவில் கோக் உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர், அந்த விலையைத் திரும்பப் பார்க்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. கம்பெனி நன்றாகத்தான் ஓடியது, ஒரு பங்குக்கு வந்த வருஷ லாபத்தைப்போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு விலை கொடுத்ததுதான் கோளாறு.

ரவி சித்தப்பா: நடுவில் வருஷா வருஷம் ஈவுத்தொகை வந்ததே, அதைச் சேர்க்க மாட்டாயா?

மீனா: அதை மறுக்க முடியாது. மான்ஸ்டரும் செல்சியஸும் சாதாரணப் பங்குக்கு ஈவுத்தொகை கொடுப்பதில்லை. விலை ஏறாவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ரவி சித்தப்பா: இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன்.

வசந்தி சித்தி: காசை விடுங்கள். அந்தக் கேனில் காஃபீன் எவ்வளவு?

மீனா: செல்சியஸ் 355 மில்லி கேனில் 200 மில்லிகிராம். மான்ஸ்டர் 473 மில்லி கேனில் 160. ரெட் புல் 250 மில்லியில் 80. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்து. எல்லா வழியிலும் சேர்த்து 400.

வசந்தி சித்தி: அருண், கவனி. இரண்டு கேனோடு கணக்கு முடிந்தது.

மீனா: இது முதலீட்டுக்கும் சம்பந்தப்பட்டதுதான் சித்தி. போலந்து 2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எனர்ஜி டிரிங்க் விற்பதைத் தடை செய்துவிட்டது. லித்துவேனியாவும் லாட்வியாவும் அதற்கு முன்பே செய்தன. பெரிய நாடுகள் இதே வழியில் போனால் வளர்ச்சிக் கணக்கு மாறும். அலுமினியம் விலையும் உண்டு. கேன் விலையும் சரக்குக் கட்டணமும் ஏறியபோது மான்ஸ்டரின் மொத்த லாப விகிதம் (விற்பனையில் சரக்குச் செலவு போக மிஞ்சுவது) 2021இல் 56 சதவீதமாக இருந்தது, அடுத்த வருஷமே 50 ஆனது. பிராண்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது தப்பவில்லை.

கதிர்: ஆக, வேண்டாம் என்கிறாயா?

மீனா: வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் செய்தியில் இருக்கிற காரணத்துக்காக வாங்காதே. "99இல் இருந்தது, இப்போது இறங்கியிருக்கிறது" என்பது காரணமே இல்லை. அந்த 99இல் கிடங்குச் சரக்கின் மயக்கமும் கலந்திருந்தது. கம்பெனி வருவாயையும் கடை விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டும் சேர்ந்து நடந்தால் நம்பலாம். கம்பெனி வருவாய் மட்டும் முன்னால் ஓடினால் யாரோ ஒருவர் கிடங்கு நிரம்புகிறது.

கதிர்: கடை விற்பனை எண் எங்கே கிடைக்கும்?

மீனா: காலாண்டு முடிவு அறிக்கையிலேயே போடுவார்கள். சில்லறை விற்பனை வளர்ச்சி என்று தனியாக ஒரு வரி வரும். முடிவைப் பற்றிக் கம்பெனி நடத்தும் தொலைபேசிக் கூட்டத்தில் முதல் கேள்வியே பெரும்பாலும் அதுதான்.

கதிர்: சரி. அலானி நியூ மாற்றம் முடிந்து, சுத்தமாக ஒரு காலாண்டு முடிவு வரட்டும். அதுவரை வாங்கவில்லை. வாங்கினாலும் சேமிப்பில் ஒரு சின்னப் பகுதிதான்.

ரவி சித்தப்பா: அதுவரை பணம் சும்மாதானே இருக்கும்? கோக்...

அருண்: அப்பா.

வசந்தி சித்தி: கதிர், அறிக்கை வந்ததும் எனக்கும் அனுப்பு. லாப நஷ்டத்தை மீனா பார்க்கட்டும். சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி இரண்டையும் நான் பார்க்கிறேன்.

கதிர்: சரி சித்தி. பிடிஎஃப் அனுப்பினால் போதுமா?

வசந்தி சித்தி: போதும். எழுத்து பொடியாக இருந்தால் அருண் அச்செடுத்துத் தருவான்.